சோதனை போக மீதி நேரம்: ஆய்வுக்கூடக் குரங்குகளோடு வேலை செய்து கற்றவை

ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒரு குரங்கின் நாளில் சோதனை என்று நடப்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். மருந்து ஆய்வு என்றால் ஓர் ஊசி, அவ்வப்போது ரத்தம் எடுப்பது. மூளை ஆய்வு என்றால் ஓரிரு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது. மீதி நேரம் முழுக்கக் கூண்டு, பக்கத்துக் கூண்டில் இருப்பவன், கதவு திறக்கும் சத்தம், சாப்பாடு எப்போது வரும் என்ற காத்திருப்பு. நான் பல வருடம் அப்படி ஓர் இடத்தில் முதலில் பராமரிப்பாளராகவும் அப்புறம் குரங்குகளுக்குப் பயிற்சி கொடுப்பவனாகவும் வேலை பார்த்தவன். வெளியே யாரிடமாவது சொன்னால் எல்லாரும் சோதனையைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்த மீதி நேரத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஆனால் நான் பார்த்தவரை ஒரு குரங்கின் நலம் கெடுவதும் தேறுவதும் அந்த நேரத்தில்தான். அதைக் கையில் வைத்திருப்பவர் ஆய்வாளர்கூட இல்லை, தண்ணீர்க் குழாயும் தீவன வாளியும் தூக்கிக்கொண்டு காலையில் முதலில் உள்ளே போகிற ஆள்.

குரங்குகளை வைத்து ஆய்வு செய்யலாமா கூடாதா என்ற கேள்விக்கு என்னிடம் ஒற்றை வரியில் பதில் கிடையாது. சிம்பன்சி, கொரில்லா போன்ற மனிதக் குரங்குகளை வைத்துச் செய்யவே கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, உலகமும் பெரும்பாலும் அந்தப் பக்கம் வந்துவிட்டது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2013-ல் தன் சிம்பன்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓய்வு தருவதாகச் சொல்லி, 2015-ல் மிச்சத்தையும் விடுவிப்பதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு விதி, மிக அரிதான விலக்கு தவிர மனிதக் குரங்குகள் மேல் சோதனை செய்வதைத் தடுக்கிறது. மற்ற குரங்குகள் விஷயத்தில் சில ஆய்வுகள் தேவை என்று நினைக்கிறேன், பல தேவையில்லை என்றும் நினைக்கிறேன். எது எப்படியோ, இந்த விவாதம் முடியும்வரை இன்று கூண்டில் இருக்கும் குரங்கு காத்திருக்க முடியாது. அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கும், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் உட்காருபவர்களுக்கும், குரங்கை வைத்து ஆய்வு செய்யப்போகும் மாணவர்களுக்கும் பயன்படுகிற மாதிரி எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், ஒளிக்க ஒன்றுமில்லை.

நான் அதிகம் பழகியது செம்முகக் குரங்குகளோடும் நீள்வால் குரங்குகளோடும். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அதிகம் இருப்பவையும் இவைதான். 1950களில் போலியோ தடுப்பூசி வேலைக்காகச் செம்முகக் குரங்குகள் இந்தியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக ஏற்றுமதியாயின. 1978-ல் இந்தியா அதை நிறுத்திய பிறகு சொந்தமாக இனப்பெருக்கக் கூடங்கள் வைப்பதும், நீள்வால் குரங்குகள் பக்கம் போவதும் அதிகமானது. இரண்டுமே கூட்டமாக வாழ்பவை. அம்மா, மகள், பேத்தி என்று தாய்வழியில் வரிசைப்பட்டு, யார் யாருக்கு மேலே என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் ஒற்றைக் கூண்டு என்பது அதற்கு என்ன தண்டனை என்று புரியும்.

புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, பல்லைக் காட்டிச் சிரிக்காதே. முகக்கவசம் போட்டிருப்பதால் பாதி ஆபத்து தானாகக் குறைகிறது, இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான். இந்தக் குரங்குகளிடம் சத்தமில்லாமல் உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டினால் பயம், அடங்கிப்போகிறேன் என்று பொருள். வாயை வட்டமாகத் திறந்து, நேராக முறைத்தால் மிரட்டல். கண்ணுக்குக் கண் பார்ப்பதே மிரட்டலில் சேர்த்தி. கொட்டாவி விட்டால் தூக்கம் வருகிறது என்று நினைக்காதீர்கள், பெரிய ஆண் குரங்கு மனிதரைப் பார்த்துக் கொட்டாவி விடுவது பெரும்பாலும் பதற்றம், கூடவே கோரைப்பல்லைக் காட்டிக்கொள்வது. உதட்டை வேகமாகச் சப்புக்கொட்டினால் நட்பு. பக்கவாட்டில் உட்கார்ந்து, பார்வையைத் தாழ்த்தி, லேசாகச் சப்புக்கொட்டிக் காட்டினால் சில நாளில் பதிலுக்குச் சப்புக்கொட்டும். இதை வெட்கப்படாமல் செய்கிறவர்கள்தான் இந்த வேலையில் தேறுவார்கள். பேராசிரியர் உள்ளே வரும்போது நிறுத்திவிட்டு அவர் போனதும் தொடர்ந்த ஆட்களை எனக்குத் தெரியும்.

கூண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க விதிப்படி 3 முதல் 10 கிலோ எடையுள்ள குரங்குக்குக் குறைந்தபட்சத் தரைப்பரப்பு 4.3 சதுர அடி (சுமார் 0.4 சதுர மீட்டர்), உயரம் 30 அங்குலம் (முக்கால் மீட்டர்). ஐரோப்பிய விதி குறைந்தது 2 சதுர மீட்டர் தரையும் 1.8 மீட்டர் உயரமும் கேட்கிறது, 3 வயது தாண்டியவற்றுக்கு உயரம் 2 மீட்டர். ஒரே இனம், ஒரே எடை, கடல் தாண்டினால் அளவு பல மடங்கு மாறுகிறது. இதில் தரைப்பரப்பைவிட உயரம்தான் முக்கியம் என்று அடித்துச் சொல்வேன். இவை பயந்தால் மேலே ஏறும். ஆளின் கண் மட்டத்துக்கு மேலே போய் உட்கார இடம் இருந்தால் பாதிப் பயம் போய்விடும். 30 அங்குலத்தில் எங்கே ஏறுவது?

இரண்டு அடுக்குக் கூண்டு வைத்திருக்கும் இடங்களில் கீழ் அடுக்கைக் குனிந்து பாருங்கள். வெளிச்சம் குறைவு, மேலே இருந்து தண்ணீர் சொட்டும், எதிரில் தெரிவது மனிதர்களின் கால்கள் மட்டும். எப்போதும் ஒருவனே கீழே இருப்பான், ஏனென்றால் யாரோ ஒரு நாள் அவனை அங்கே வைத்தார்கள், அப்புறம் மாற்றத் தோன்றவில்லை. அடுக்குகளை முறை வைத்து மாற்றுவதற்கு ஒரு காசும் செலவில்லை. அதே மாதிரி கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கூண்டு. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அங்கே இருப்பதற்குத் தூக்கிவாரிப்போடும். நான் உள்ளே போகும் முன் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் திறப்பேன். தட்டினால் ஆள் வருகிறார், தட்டாமல் யாரும் வரமாட்டார் என்று அவற்றுக்குத் தெரிந்தால் மற்ற சத்தத்துக்கெல்லாம் துள்ளிக்குதிக்கத் தேவையில்லை. ஆனால் எல்லாரும் தட்ட வேண்டும், எப்போதும் தட்ட வேண்டும். மின்சார வேலைக்கு வருபவர் தட்டாமல் நுழைந்தால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம்.

எது சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்க நவீனக் கருவி எதுவும் வேண்டாம். முன்கையில் முடி உதிர்ந்திருக்கிறதா, தானே பிடுங்குகிறதா, ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறதா, பின்னால் பல்டி அடித்துக்கொண்டே இருக்கிறதா, தன் காலைத் தானே பிடித்து ஏதோ வேறொருவனுடைய கால் போல முறைக்கிறதா, கடிக்கிறதா. முடி உதிர்வதற்குப் பருவம், கர்ப்பம் என்று வேறு காரணங்களும் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மாதம் ஒரு முறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்தால் தேறுகிறதா மோசமாகிறதா என்று சண்டையில்லாமல் பேசலாம். இன்னொன்று, நீங்கள் அறைக்குள் நிற்கும்போது பார்ப்பது உண்மையான நடத்தை இல்லை. கேமராவை ஓடவிட்டு ஆளில்லாத நேரத்தைப் பாருங்கள். உங்கள் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பது நீங்கள் போனதும் சுற்ற ஆரம்பிக்கும், அல்லது நேர்மாறாக இருக்கும்.

தன்னையே கடிக்கும் குரங்குகளின் கதையை விசாரித்தால் பெரும்பாலும் சின்ன வயதில் போய் நிற்கும். அம்மாவிடமிருந்து சீக்கிரம் பிரித்தது, தனியாக வளர்த்தது. இதை நமக்குக் கற்றுத்தந்ததே ஒரு கொடுமையான ஆய்வு வரிசை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர் 1950களிலிருந்து குட்டிகளை அம்மாவிடமிருந்து பிரித்து, பால் தரும் கம்பி உருவத்தையும் துணி சுற்றிய உருவத்தையும் வைத்துப் பார்த்தார். குட்டிகள் துணி உருவத்தைத்தான் கட்டிக்கொண்டன. பிறகு முழுத் தனிமையில் வளர்த்தவை ஆடிக்கொண்டும் தன்னையே கடித்துக்கொண்டும் வளர்ந்தன. இன்று எந்தக் குழுவும் அனுமதிக்காத ஆய்வு, ஆனால் இன்று குட்டியைப் பிரிக்காதே என்று வாதாடுகிறவர்கள் காட்டும் முதல் ஆதாரமும் அதுதான். இந்த முரணை நினைத்தால் எனக்கு இன்றும் என்ன சொல்வதென்று தெரியாது. ஐரோப்பிய விதியில் இந்தக் குரங்குகளின் குட்டியை 8 மாதத்துக்கு முன் பிரிக்கக் கூடாது என்று இருக்கிறது. எட்டு மாதமும் என் கணக்கில் குறைவுதான், கூடங்கள் ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவைத்தால் நல்லது.

எங்களிடம் ஓர் ஆண் செம்முகக் குரங்கு இருந்தது. நெஞ்சில் பச்சை குத்திய எண்தான் அதற்கு ஆவணத்தில் பெயர், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுவோம். வேறு ஒரு கூடத்திலிருந்து வந்தவர், நெடுநாள் தனிக் கூண்டு. இடது தொடையில் ஒரே இடத்தைக் கடிப்பார், ஆறும், மறுபடி கடிப்பார். கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்தார், பொம்மை கொடுத்தோம், தீவனத்தை மரத்தூளில் கலந்து தேட வைத்தோம், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உதவின. வளர்ந்த ஆணோடு இன்னோர் ஆணைச் சேர்க்க யாருக்கும் துணிவில்லை. கடைசியில் பால் மறந்த ஒரு குட்டியோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று முடிவானது. வளர்ந்த ஆண்கள் இளசுகளிடம் பெரும்பாலும் பொறுமையாகவே இருக்கும் என்பது இத்துறையில் பலர் கண்ட விஷயம்தான். நடுவில் கம்பித் தடுப்பு வைத்துப் பக்கத்தில் விட்டோம். முதல் நாள் பெரியவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குட்டி தடுப்பில் தொங்கிக்கொண்டு கையை நீட்டி அவர் முதுகு முடியை இழுத்தது. அவர் திரும்பினார். நான் கதவுச் சங்கிலியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சப்புக்கொட்டினார், மெதுவாக, பழகாத ஆள் மாதிரி. குட்டி பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது, பெரியவர் ஒரு விரலால் அதன் இடுப்பு முடியை விலக்கிப் பார்க்க ஆரம்பித்தார். தடுப்பை எடுத்த பிறகும் கடிப்பது முற்றிலும் நிற்கவில்லை, பெரிய சத்தம் கேட்டால் கால் வாய்க்குப் போகும். ஆனால் தையல் போடும் அளவுக்கு அப்புறம் போகவில்லை.

ஜோடி சேர்ப்பதில் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். தடுப்பு வழியே பார்க்கும்போது இரண்டும் நட்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், யார் யாருக்கு மேலே என்பது தெளிவாக வேண்டும், அதுதான் தேவை. ஒன்று பல்லைக் காட்டி ஒதுங்கி, இன்னொன்று அதை ஏற்றுக்கொண்டு விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டும் மாறி மாறி மிரட்டினால் தடுப்பை எடுக்காதீர்கள். எடுக்கும்போது இரண்டுக்குமே சொந்தமில்லாத புதுக் கூண்டாக இருக்கட்டும், ஏற்கெனவே ஒருவருடைய வீடாக இருந்தால் அங்கேயே சண்டை. தண்ணீர் இரண்டு இடத்தில், சாப்பாடு இரண்டு இடத்தில், ஒன்றையொன்று பார்க்காமல் ஒதுங்க ஒரு மறைப்பு, மூலையில் மாட்டிக்கொள்ளாமல் ஓட இரண்டு வழி. வாரக் கடைசியில் மட்டும் சேர்க்காதீர்கள், ஆள் குறைவான இரவில்தான் பிரச்சினை வரும். சின்னக் கீறலுக்கெல்லாம் பயந்து பிரித்தால் அப்புறம் திரும்பச் சேர்ப்பது முதல் முறையைவிடக் கஷ்டம். பெண் குரங்குகள் பார்வையில் இருக்கும் அறையில் இரண்டு ஆண்களைச் சேர்ப்பது வேண்டாத வேலை.

ஜோடி சேர்க்க முடியாது என்று ஆய்வாளர் காரணம் சொல்லும்போது அந்தக் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எவ்வளவு நாளைக்கு என்றும் கேளுங்கள். தலையில் கருவி பொருத்தியிருக்கிறது, பக்கத்தில் இருப்பது பிடுங்கிவிடும் என்பார்கள். சில நேரம் உண்மை. பல நேரம் பழைய பயம், பொருத்திய குரங்குகளை ஜோடியாக வைத்துப் பிரச்சினையில்லாமல் ஓட்டும் கூடங்கள் இருக்கின்றன. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தெரியாது என்பார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் தடுப்பை இறக்கினால் தெரிந்துவிடும். எழுதித் தரச் சொன்னதும் பாதிக் காரணங்கள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இனிப் பயிற்சி. பழைய முறை என்னவென்றால், கூண்டின் பின்தட்டை முன்னால் இழுத்துக் குரங்கைக் கம்பியோடு நெருக்கி, தொடையில் கீட்டமின் என்ற மயக்க மருந்து ஊசி. வேகமான முறை, ஆனால் அந்த அறையில் இருக்கும் எல்லாக் குரங்குகளும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். வண்டிச் சக்கரத்தின் சத்தம் கேட்டதுமே வயிறு கலங்கும், நான் மிகைப்படுத்தவில்லை, கூண்டுத் தரையைக் கழுவுகிறவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் எடுக்கும் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறியிருக்கும், சர்க்கரை ஏறியிருக்கும், இதயம் எகிறும். நல்ல தரவு வேண்டும் என்று சொல்கிற ஆய்வாளரிடம் கருணையைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பேசினால் சீக்கிரம் காது கொடுப்பார். 1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விலங்கு ஆய்வுக்குச் சொன்ன மாற்று (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (எண்ணிக்கையைக் குறைப்பது), செம்மை (வேதனையைக் குறைப்பது) என்ற மூன்றில் செம்மை என்பது நடைமுறையில் இந்த மாதிரி விஷயங்கள்தான்.

பயிற்சியில் முதல் படி, கையிலிருந்து உலர்திராட்சை வாங்கிக்கொள்வது. இதற்கே சிலவற்றுக்கு வாரக்கணக்கு ஆகும். அடுத்து, கிளிக்கர் என்ற, அழுத்தினால் கிளிக் என்று ஒலிக்கும் சின்னக் கருவியின் சத்தம் கேட்டால் திராட்சை வரும் என்று புரிவது. குச்சி நுனியில் ஒரு பந்தைக் கட்டி நீட்டினால் தொட வேண்டும், தொட்டால் கிளிக், திராட்சை. பிறகு பந்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தொடை கம்பிப் பக்கம் வருவது போல நின்றால் பெரிய பரிசு. தொடையை விரலால் தொடுவது, மழுங்கிய குச்சியால் தொடுவது, ஊசியில்லாத சிரிஞ்சால் அழுத்துவது, மெல்லிய ஊசியில் உப்புநீர், கடைசியில் உண்மையான மருந்து. ஒரு படியில் பின்வாங்கினால் ஒரு படி கீழே போங்கள், கோபப்பட்டுத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள், அதற்குத் தெரிந்த சுலபமான ஒன்றைக் கேட்டுப் பரிசு கொடுத்து முடியுங்கள்.

இதில் யாரும் சொல்லித்தராத சில விஷயங்கள் இருக்கின்றன. உண்மையான ஊசி பழகிய பிறகு பயிற்சியை நிறுத்திவிடுவார்கள். அப்படியானால் தொடையைக் கொடுத்தாலே குத்து விழும் என்று ஆகிவிடும். ஊசி போடாத நாட்களிலும் சும்மா தொட்டுப் பரிசு கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பத்துக்கு ஒன்பது முறை ஒன்றும் வலிக்கவில்லை என்று இருந்தால்தான் பத்தாவது முறையும் தொடை வரும். இன்னொன்று, ஏமாற்றாதீர்கள். திராட்சையைக் காட்டிக்கொண்டே மறு கையால் பின்தட்டை இழுத்தால் அன்றைய வேலை முடியும், பல மாத வேலை போகும். கட்டாயப்படுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நாளில் பயிற்சியாளர் அறைக்கு வெளியே இருக்க வேண்டும், வேறு ஆள் வேறு நிற உடையில் செய்யட்டும். எங்களிடம் ஒரு பெண் குரங்கு எனக்குத் தொடையை நீட்டி, பந்தைப் பிடித்துக்கொண்டு, ஊசி ஏறும்போது அசையாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். மருத்துவர் வந்து நின்றால் கூண்டின் மேல் மூலைக்குப் போய்விடும். அவரைத் தினமும் வந்து வெறுமனே திராட்சை கொடுத்துவிட்டுப் போகச் சொன்னோம். முனகிக்கொண்டே வந்தார். அது இறங்கி வந்த அன்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டியதும் அவர்தான்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் கன்னப்பையைப் பாருங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவை தீவனத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்ளும், வயிறு காலி என்று நினைத்து மயக்கினால் கன்னத்தில் இருப்பது மூச்சுக்குழாய்க்குப் போகலாம். முந்தைய மாலையே தட்டை எடுத்துவிட்டேன் என்று சொல்வது போதாது, மரத்தூளில் தேடிக்கண்டுபிடித்ததைக் காலையில் கன்னத்தில் வைத்திருக்கும்.

நரம்பியல் ஆய்வில் வரும் தண்ணீர்க் கட்டுப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குரங்கு திரையில் சரியாகப் பார்த்தால் ஒரு துளிச் சாறு கிடைக்கும், அந்தத் துளிக்கு மதிப்பு இருக்க வேண்டும் என்பதற்காக நாள் முழுக்கக் குடிக்கும் நீரைக் குறைப்பார்கள். எவ்வளவு குறைத்தால் வேலை செய்யும் என்பது குரங்குக்குக் குரங்கு மாறும், ஆனால் நடைமுறையில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு எழுதிவைத்துவிடுவார்கள். மிகக் குறைந்த கட்டுப்பாட்டில் தொடங்கி, வேலை செய்யாவிட்டால் மட்டும் மெல்ல இறுக்குவதுதான் முறை. தினமும் எடை பார்க்க வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் தாகம் போதவில்லை என்பது மட்டும் காரணமாக இருக்காது. பணி கடினமாக இருக்கலாம், சாறு பிடிக்காமல் போயிருக்கலாம், பல்வலி இருக்கலாம். சாற்றை மாற்றிப் பார்த்தே சரியான கதைகள் உண்டு. இறுக்குவதற்கு முன் இதையெல்லாம் பார்த்தாயா என்று மாணவரைக் கேட்கும் ஒரு ஆள் கூடத்தில் இருக்க வேண்டும், அந்த ஆளுக்கு நிறுத்து என்று சொல்லும் அதிகாரமும் இருக்க வேண்டும்.

பொம்மைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தணிக்கைக்கு வருபவர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு ரப்பர் பந்து எல்லாக் கூண்டிலும் தொங்கும், மூன்றாம் நாளுக்கு மேல் எந்தக் குரங்கும் அதைத் தொடாது. தேடித் தின்ன வைப்பது வேலை செய்யும், கம்பிக்கு வெளியே துளைப் பலகையில் தானியத்தைச் செருகி வைத்தால் மணிக்கணக்கில் விரலால் நோண்டிக்கொண்டிருக்கும். சின்னக் கண்ணாடி ஒன்றைக் கையால் திருப்பக்கூடிய மாதிரி வெளியே பொருத்தினால், முறைத்துப் பார்க்காமலேயே நடைவழியில் யார் வருகிறார் என்று பார்த்துக்கொள்ளும். மார்மோசெட் என்ற சின்னஞ்சிறு தென்னமெரிக்கக் குரங்கு வைத்திருப்பவர்கள் வேறு கணக்கு போட வேண்டும். அவை வாசனையால் தன் இடத்தைக் குறிப்பவை, எல்லாவற்றையும் ஒரே நாளில் தேய்த்துக் கழுவினால் வீடே தொலைந்து போனது போலத் தவிக்கும், பாதியை இன்று, பாதியை இன்னொரு நாள் என்று கழுவுங்கள். மரப்பிசினை மரக்கட்டைத் துளையில் அடைத்துக் கொடுத்தால் அதற்கு வேறு எதுவும் வேண்டாம்.

உங்கள் பாதுகாப்பும் இதோடு சேர்ந்ததுதான். இந்தக் குரங்குகள் பலவற்றில் பி வைரஸ் உண்டு, அவற்றுக்கு வாய்ப்புண் அளவுக்கு வந்துபோகும், மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். 1932-ல் குரங்கு கடித்த ஒரு மருத்துவரின் மரணத்தில்தான் இது முதலில் தெரியவந்தது. 1997-ல் அமெரிக்காவில் ஓர் இளம் பணியாளர் கடிபடாமல், கண்ணில் தெறித்த திரவத்தாலேயே இறந்தார். பாதுகாப்புக் கண்ணாடி புழுக்கமாக இருக்கிறது என்று நெற்றிக்கு ஏற்றி வைப்பவரை நான் வெளியே அனுப்பிவிடுவேன். கடியோ கீறலோ பட்டால் உடனே சோப்பும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவுங்கள், யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள், கழுவிக்கொண்டே கத்திக் கூப்பிடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் குரங்கு இந்த வைரஸை அதிகம் வெளியேற்றும். ஆக அதன் பதற்றம் உங்கள் ஆபத்தும்கூட. காசநோய் எதிர்த்திசையில் வரும், நம்மிடமிருந்து அவற்றுக்கு. அதைக் கண்டுபிடிக்கக் குரங்கின் மேல் இமையில் ஊசி போட்டு 24, 48, 72 மணி நேரத்தில் வீக்கம் பார்ப்பார்கள். ஒரே ஒரு நோயாளி ஓர் அறையையே காலி செய்துவிடும், இருமல் இருந்தால் உள்ளே போகாதீர்கள், விடுப்பு எடுக்கத் தயங்காதீர்கள்.

நெறிமுறைக் குழுவில் இருப்பவர்களுக்கு. சோதனையின் விவரத்தை வரிவரியாகப் படிக்கிறீர்கள், நல்லது. கூண்டு அளவு, யாரோடு இருக்கும், தனியாக என்றால் எத்தனை நாள், ஊசிக்குப் பயிற்சி உண்டா, அதற்கான காலம் திட்டத்தில் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் படியுங்கள். பயிற்சிக்குப் பெரும்பாலும் காலம் ஒதுக்கமாட்டார்கள், குரங்கு வந்த மறு வாரமே ஆய்வு தொடங்கும் என்று எழுதியிருப்பார்கள், அதைத் திருப்பி அனுப்புங்கள். எந்த நிலை வந்தால் ஆய்வை நிறுத்திக் குரங்கை விடுவிப்பீர்கள் என்பதை எடை, சாப்பாடு, நடமாட்டம் என்று அளக்கக்கூடிய வார்த்தைகளில் எழுதச் சொல்லுங்கள். அறிவிக்காமல் ஒரு நாள் அறைக்குள் போய்க் கீழ் அடுக்கின் முன் குனிந்து உட்காருங்கள், பராமரிப்பாளரிடம் அவருடைய மேலாளர் இல்லாத நேரத்தில் பேசுங்கள்.

ஆய்வு முடிந்த பிறகு என்ன என்பதையும் தொடக்கத்திலேயே கேளுங்கள். திசு தேவைப்படும் ஆய்வுகளில் முடிவு தெரிந்ததுதான். மற்றவற்றில் குரங்கு நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும், இன்னும் பல வருடம் வாழும், செம்முகக் குரங்கு கூண்டில் 25 வயதைத் தாண்டுவது அபூர்வமில்லை. ஓய்வு தரலாம் என்று எல்லாரும் விரும்புவார்கள், பணம் யாருடைய கணக்கில் என்று கேட்டால் அமைதியாகிவிடுவார்கள். ஆய்வு நிதி கேட்கும்போதே ஓய்வுக்கான செலவையும் ஒரு வரியாகச் சேர்த்தால்தான் நடக்கும். தனிக் கூண்டில் இருந்ததைச் சரணாலயங்கள் சேர்த்துக்கொள்ளத் தயங்கும், ஜோடியாக இருந்து பழகியதைச் சேர்ப்பது சுலபம். அதனால் ஓய்வுக்கான ஏற்பாடு குரங்கு வந்த முதல் வாரத்திலேயே தொடங்குகிறது.

கடைசியாகப் பராமரிப்பாளர்கள். திசுவுக்காகக் குரங்கைக் கொல்லும் நாளை ஆய்வாளர்கள் நாட்காட்டியில் குறித்திருப்பார்கள், தினமும் சாப்பாடு வைத்தவருக்குக் காலையில் காலிக் கூண்டைப் பார்த்துத்தான் தெரியும். இது பல இடங்களில் நடக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, யாருக்கும் தோன்றுவதில்லை. நாள் முடிவானதும் முதலில் அவருக்குச் சொல்லுங்கள். அன்று உள்ளே இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். சிலர் கூடவே இருந்து கடைசித் திராட்சையைக் கொடுப்பார்கள், சிலர் விடுப்பு கேட்பார்கள், இரண்டுக்கும் காரணம் கேட்காதீர்கள். ஜோடியில் மிஞ்சியிருக்கும் குரங்குக்குத் துணை யார் என்பதையும் அன்றைக்கு முன்னாலேயே முடிவு செய்து வையுங்கள்.